ஒரு ரகரம் முன்னே பின்னே

பிப்ரவரி 4

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நானும் உன் அத்தானும் சுகம்தான். அவருடைய இடுப்பு வலி நாற்காலியைப் பார்த்தால் குறைகிறது, பாத்திரம் கழுவும் தொட்டியைப் பார்த்தால் கூடுகிறது. உன் கடைவாய்ப் பல் என்ன ஆயிற்று? பிடுங்கிவிட்டாயா, இல்லை இன்னும் பயந்துகொண்டு ஒரு பக்கமாகவே மென்றுகொண்டிருக்கிறாயா?

ஒரு வார்த்தைக்கு அர்த்தம் வேண்டும். போனில் கேட்டால் நீ பாதி கேட்பாய், பாதி சிரிப்பாய். எழுதினால்தான் ஒழுங்காகப் பதில் வரும். போன வாரம் ஆஸ்பத்திரியில் ஒரு கலாட்டா. என் அறை உனக்குத் தெரியுமே, ஆபரேஷனுக்குப் போகும் கத்தி, கத்தரி எல்லாவற்றையும் தட்டில் அடுக்கி நீராவி மிஷினில் வைத்து எடுப்போம். அதில் சில தட்டுகள் கிருமி சாகும்படி வேகாமலே மேலே தியேட்டருக்குப் போய்விட்டன. நல்லவேளை, ஆபரேஷன் தொடங்குவதற்கு முன்னாலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அது பெரிய கதை.

அந்த நேரம் வேலையில் இருந்த மூன்று பேருக்கும் ஆபீசிலிருந்து இங்கிலீஷில் ஒரு தாள் வந்தது. சூப்பர்வைசரே வாசித்துக் காட்டிவிட்டு, கையெழுத்து வாங்கி ஃபைலில் வைத்துக்கொண்டார். அவரவர் ‘பிராஸ்பெக்டிவ்’ எழுதிக் கொடுக்க வேண்டுமாம். “அப்படின்னா என்ன சார்?” என்று கேட்டேன். “பிராஸ்பெக்டிவ்னா பிராஸ்பெக்டிவ்தான். இதுகூடத் தெரியாதா?” என்றார். அவருக்கும் தெரியாது என்பது அவர் காதைச் சொறிந்த விதத்திலேயே தெரிந்தது.

ஆறாம் வகுப்பில் கண்ணாடி முன்னால் நின்று இங்கிலீஷில் உன்னை நீயே திட்டிக்கொண்டாயே, அன்றிலிருந்து நீ நம் வீட்டுத் துரை. இப்போது அகராதி போடுகிற இடத்தில் வேறு இருக்கிறாய். உன்னை வைத்துக்கொண்டு நான் வேறு யாரிடம் போய்க் கேட்பேன்? பதினைந்தாம் தேதிக்குள் கொடுக்க வேண்டும்.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அக்கா

பிப்ரவரி 8

அன்புள்ள அக்கா,

துரையின் வணக்கம். பல் இருந்த இடத்திலேயே இருக்கிறது, நானும் இருந்த இடத்திலேயே இருக்கிறேன். அத்தானின் இடுப்பை விசாரித்ததாகச் சொல்.

நீ கேட்ட வார்த்தைக்கு வருவோம். சரியான ஆளிடம்தான் வந்து சேர்ந்திருக்கிறாய்.

அர்த்தம்: வரப்போகிற, இனி ஆகக்கூடிய. எதிர்காலத்தைப் பற்றியது.

உச்சரிப்பு: உன் சூப்பர்வைசர் ‘பிராஸ்’ என்று தூக்கி நிறுத்துவது தப்பு. முதல் அசையைத் தொட்டும் தொடாமலும் ‘ப்ர’ என்று விட்டுவிட்டு, ‘ஸ்பெக்’கில்தான் அழுத்த வேண்டும். ப்ர-ஸ்பெக்-டிவ். பத்து தடவை சொல்லிப் பார். அத்தானையும் சொல்லச் சொல், இடுப்புக்கு நல்லது.

பயன்பாடு: இன்னும் முடிவாகாத மாப்பிள்ளை ப்ரஸ்பெக்டிவ் மாப்பிள்ளை. வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு “யோசிச்சு சொல்றோம்” என்று போகிறவர் ப்ரஸ்பெக்டிவாக வாங்கப்போகிறவர். இந்த வார்த்தை எப்போதும் இன்னொரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் வரும், தனியாக நிற்காது. உங்கள் ஆபீஸ் அதைத் தனியாக நிற்க வைத்திருக்கிறது. ஆஸ்பத்திரி இங்கிலீஷ்தானே, மன்னித்து விட்டுவிடலாம்.

ஆக, இனிமேல் நீ என்ன செய்யப் போகிறாய் என்று கேட்கிறார்கள். அலுவலகங்களில் இது வழக்கம்தான். பணிவாக நாலு வரி எழுதிக் கொடுத்தால் போதும். நானே இங்கிலீஷில் எழுதித் தனித் தாளில் வைத்திருக்கிறேன், உன் அழகான கையெழுத்தில் அப்படியே பார்த்து எழுதிக் கொடுத்துவிடு. தமிழில் அதன் சாரம்: இனிமேல் ஒவ்வொரு தட்டையும் இரண்டு தடவை பார்த்த பிறகே அனுப்புவேன். இனிமேல் இப்படி ஒரு தவறு நேராது. நிர்வாகத்தின் பொறுமைக்கு நன்றி.

அடுத்த இரண்டு பக்கத்தில் இதே வேரிலிருந்து வந்த மற்ற வார்த்தைகளையும் எழுதியிருக்கிறேன். நேரம் இருக்கும்போது படி, சுவையாக இருக்கும்.

அன்புள்ள தம்பி

பிப்ரவரி 19

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே சுகம். நீ எழுதியதை ஒரு புள்ளி மாறாமல் பார்த்து எழுதிக் கொடுத்துவிட்டேன். வாங்கிக்கொண்ட கிளார்க் “இங்கிலீஷ் பிரமாதமா இருக்கே” என்றார். என் தம்பி என்றேன்.

உன் வேலை எப்படிப் போகிறது? முடிந்தபோது எழுது.

அக்கா

மார்ச் 30

அன்புள்ள தம்பிக்கு,

உன்னிடமிருந்து கடிதம் வரவில்லை. வேலை அதிகம் போலிருக்கிறது. உடம்பு எதுவும் இல்லையே?

என்னை இடம் மாற்றியிருக்கிறார்கள். இப்போது துணிப் பகுதியில் இருக்கிறேன். போர்வை, தலையணை உறை, டாக்டர்களின் பச்சை அங்கி எல்லாம் சலவையிலிருந்து வரும், மடித்து அடுக்க வேண்டும். பெரிய ஜன்னல், நல்ல வெளிச்சம். மிஷின் சத்தம் இல்லாமல் முதல் இரண்டு நாள் காது என்னமோ போலிருந்தது. கஞ்சி போட்ட துணி பட்டுப் பட்டு விரல் நுனி வெடிக்கிறது, தேங்காயெண்ணெய் தடவிக்கொள்கிறேன். மற்றபடி கவலைப்பட ஒன்றுமில்லை.

பழைய அறை வழியாகத்தான் எல்லோரும் துணிப் பகுதிக்குப் போவார்கள். நான் பின்வாசல் வழியாகப் போகிறேன், அங்கே கூட்டம் குறைவு.

அத்தான் உன்னை விசாரித்தார்.

அக்கா

ஏப்ரல் 6

அன்புள்ள அக்கா,

எழுதாமல் இருந்ததற்கு என்னைத் திட்டு, வாங்கிக்கொள்கிறேன். ‘எம்’ எழுத்து முடியும் வரை எங்கள் அகராதி ஆசிரியர் ஒருவரையும் மூச்சுவிட விடவில்லை. அவருக்கு இரண்டு கண்ணாடி, தூரத்துக்கு ஒன்று, பிழைக்கு ஒன்று. பிழைக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்தால் தேநீர்க் குவளையை மறைத்துவிட்டுக் குனிந்துகொள்வோம்.

நீ சொன்ன செய்தியைக் கேட்டு மகிழ்ச்சி! பதினொரு வருஷம் நீராவியில் வெந்தது போதும். ஜன்னல், வெளிச்சம், உட்கார்ந்து செய்கிற வேலை, இதைத்தானே நான் எப்போதும் சொல்வேன்? நாலு வரி நல்ல இங்கிலீஷுக்கு நிர்வாகம் மரியாதை செய்திருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறேன்.

விரலுக்கு வாசலின் இன்னும் நல்லது.

துரை

ஜூன் 3

அன்புள்ள அக்கா,

இரண்டு மாதமாக உன்னிடமிருந்து பதில் இல்லை. சுகமா? அத்தான் சுகமா? நான் சுகம்தான். ஆனால் இன்று காலையிலிருந்து மனம் ஒரு நிலையில் இல்லை, அதனால்தான் அலுவலகத் தாளிலேயே எழுதுகிறேன்.

இப்போது ‘பி’ எழுத்தில் இருக்கிறோம். ஆசிரியர் என்னிடம் ஒரு வார்த்தையைக் கொடுத்து உதாரண வாக்கியம் எழுதச் சொன்னார். பெர்ஸ்பெக்டிவ். பார்வை, கண்ணோட்டம், ஒருவர் தாம் இருக்கும் இடத்திலிருந்து ஒன்றைக் காணும் விதம். மடமடவென்று எழுதினேன்: நடந்ததைப் பற்றி ஊழியர் ஒவ்வொருவரின் பெர்ஸ்பெக்டிவையும் அலுவலகம் கேட்டது. எழுதி முடித்ததும் பேனா நின்றுவிட்டது. பெர், ப்ர. அந்த ரகரம் ஒரு எழுத்து பின்னால் நின்றால் கண்ணோட்டம், முன்னால் வந்தால் எதிர்காலம். எங்கள் பிழைத் தாளிலும் இந்த இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன, ‘குழப்பிக்கொள்ள வேண்டாம்’ என்ற குறிப்போடு.

அக்கா, அந்தத் தாளில் எந்த வார்த்தை இருந்தது? முதல் மூன்று எழுத்தை மட்டும் பார்த்துச் சொல். பி, ஆர், ஓவா? பி, இ, ஆரா?

தம்பி

ஜூன் 12

அன்புள்ள தம்பிக்கு,

எல்லோரும் சுகம். பதில் எழுத நேரம் அமையவில்லை, தப்பாக நினைக்காதே.

அந்தத் தாள் ஃபைலில் இருக்கிறது, அதில் என்ன எழுத்து இருந்தது என்று யாருக்கு ஞாபகம்? எழுதிக் கொடுத்தது கொடுத்ததுதான். நீ உன் ‘பி’யை முடிக்கிற வழியைப் பார். ஆசிரியரிடம் நல்ல பெயர் எடுத்து வேலையை நிரந்தரம் செய்துகொள்.

பல் விஷயத்தை மட்டும் தள்ளிப்போடாதே.

அக்கா

ஜூன் 17

அக்கா,

பி, இ, ஆர்தான். இல்லாவிட்டால் நீ ‘ஓ’ என்று ஒரே எழுத்தில் பதில் போட்டிருப்பாய்.

நான் உனக்கு ‘இனிமேல்’ என்று எழுதிக் கொடுத்தேன். ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை. இனிமேல் செய்ய மாட்டேன் என்று சொன்னால் அதுவரை செய்தேன் என்றுதானே அர்த்தம்? துணிப் பகுதிக்கு உன்னை அனுப்பியது தண்டனை. நான் அதற்கு வாழ்த்துச் சொன்னேன். அந்தக் கடிதத்தை நினைத்தால் எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு வருகிறேன். உங்கள் நிர்வாகத்திடம் நானே பேசுகிறேன். அதற்கு முன் ஒரு கடிதமும் அனுப்பலாம் என்று மூன்று பக்கம் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். இரண்டு வார்த்தைகளின் வேர், உச்சரிப்பு, குழப்பம் நேர்ந்த விதம் எல்லாவற்றையும் தெளிவாக விளக்கியிருக்கிறேன். படித்துப் பார்த்துச் சரி என்று சொல்.

தம்பி

ஜூன் 25

தம்பி,

வராதே. எழுதவும் எழுதாதே. நீ அனுப்பியதை நான் படிக்கவில்லை. மூன்று பக்கம் இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்து மடித்து வைத்துவிட்டேன்.

ஆமாம், பி, இ, ஆர்தான். மார்ச் மாதமே எனக்குத் தெரியும். பெரிய நர்ஸ் என்னைக் கூப்பிட்டு ஃபைலைத் திறந்து காட்டினார். “என்ன நடந்துச்சுன்னு கேட்டா, நீங்களே ஒத்துக்கிட்டு எழுதிக் கொடுத்திருக்கீங்களே. நாங்க என்ன பண்றது?” என்றார். என் தம்பி எழுதிக் கொடுத்தான் என்று சொல்ல நாக்கு வரவில்லை. எங்கள் மூன்று பேரில் ஒருத்தி, தட்டுகளைப் பொட்டலம் கட்டுகிறவள், தனக்கு இங்கிலீஷ் வராது என்று சொல்லி, தெரிந்ததை வாயாலேயே சொல்லிவிட்டு வந்துவிட்டாள். இங்கிலீஷ் தெரிந்த தம்பி இல்லாதது அவளுக்கு அதிர்ஷ்டம்.

நீ நினைப்பது போல அர்த்தத்தை மாற்றிச் சொன்னதற்காக உன்மேல் கோபம் இல்லை. நான் சொன்ன வார்த்தைக்கு நீ சொன்ன அர்த்தம் சரி. சூப்பர்வைசர் தப்பாகச் சொன்னார், நானும் தப்பாகக் கேட்டுக்கொண்டேன், அவ்வளவுதான். ஆனால் கோபம் இருக்கிறது. நாலு மாதமாக இருக்கிறது. இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன்.

அது பெரிய கதை என்று உனக்கு எழுதியிருந்தேன். என்ன கதை அக்கா என்று நீ ஒரு வரி கேட்கவில்லை. நாலு பக்கம் எழுதினாய். மாப்பிள்ளை வந்தார், வீடு பார்க்க வந்தவர் வந்தார், அழுத்தம் எங்கே விழ வேண்டும் என்பதெல்லாம் வந்தது. உன் அக்கா அன்றைக்கு என்ன செய்தாள் என்பது மட்டும் வரவில்லை. தவறு நேராது என்று நீ எழுதும்போதே நான்தான் செய்தேன் என்று முடிவு கட்டிவிட்டாய் அல்லவா? அதைப் படித்துவிட்டு எனக்கே சந்தேகம் வந்தது. தம்பியே இப்படி எழுதினால், ஒருவேளை என்மேல்தான் தப்போ என்று நினைத்துக்கொண்டேதான் பார்த்து எழுதினேன்.

ஜூலை இருபதாம் தேதி கடைசி விசாரணை. மூன்று பேர் உட்காருவார்கள். என்னைத் துணிப் பகுதியிலாவது வைத்துக்கொள்வதா, வேலையை விட்டே எடுப்பதா என்று அன்றைக்குத் தெரியும். அந்த ஃபைலில் என் பெயரில் உன்னுடைய நாலு வரிதான் இருக்கிறது.

அத்தான் சுகம். நான் சுகமா என்று கேட்காதே.

அக்கா

ஜூன் 29

அன்புள்ள அக்கா,

சுகமா என்று கேட்கவில்லை.

ஆமாம், நீதான் செய்திருப்பாய் என்று நினைத்தேன். நினைத்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது, அதைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. வார்த்தையைப் பார்த்தேன், உன்னைப் பார்க்கவில்லை. மன்னித்துவிடு என்று எழுத வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் எழுதுகிறேன்.

அன்றைக்கு என்ன நடந்தது? நீ எங்கே நின்றாய்? என்ன பார்த்தாய்? காலையிலிருந்து சொல். தமிழிலேயே எழுது. எத்தனை பக்கம் ஆனாலும் சரி. நான் ஒரு எழுத்தையும் தொட மாட்டேன், இங்கிலீஷில் மாற்றவும் மாட்டேன். சரி என்று உனக்குத் தோன்றினால் அதையே விசாரணையில் கொடு. வேண்டுமானால் அவர்கள் ஆள் வைத்து மொழிபெயர்த்துக்கொள்ளட்டும்.

தம்பி

ஜூலை 6

அன்புள்ள தம்பிக்கு,

இரண்டு பிரதி எழுதினேன். ஒன்று உனக்கு, ஒன்று அவர்களுக்கு. நீ கேட்டபடி காலையிலிருந்து சொல்கிறேன்.

ஏழு மணிக்கு வந்தேன். மிஷினை நானே துடைத்தேன். பதினோரு மணிக்கு ஆறு தட்டுகளை உள்ளே வைத்து மூடினேன். பதினொன்று நாற்பதுக்கு நீராவி அழுத்தம் காட்டும் முள் சரிந்தது. மிஷின் நடுவிலேயே நின்றுவிட்டது. நான் மிஷினுக்கு நேர் எதிரில், மூன்றடி தூரத்தில் நின்றேன். கண்ணாடி வழியாகப் பார்த்தேன். தட்டைச் சுற்றி ஒட்டுகிற டேப்பில் வெள்ளைக் கோடுகள் இருக்கும், தட்டு சரியாக வெந்தால் அவை கறுத்துவிடும். ஒரு கோடும் கறுக்கவில்லை. உடனே ‘எடுக்கக் கூடாது’ என்ற சிவப்பு அட்டையைக் கதவில் மாட்டினேன். சூப்பர்வைசரிடம் போய்ச் சொன்னேன். “சரி சரி, நான் பாத்துக்கறேன். நீங்க போய் சாப்பிட்டுட்டு வாங்க” என்றார். போனேன். பொட்டலம் கட்டுகிறவளும் கேண்டீனில் என்னோடுதான் இருந்தாள்.

பன்னிரண்டரைக்குத் திரும்பி வந்தேன். மிஷின் திறந்து கிடந்தது. அட்டை மேசைமேல் குப்புறக் கிடந்தது. தட்டுகள் இல்லை. லிஃப்டுக்குக் காத்திருக்காமல் மாடிப்படியில் ஓடினேன். மூன்றாவது மாடியில் தியேட்டர் நர்ஸ் ஒரு தட்டோடு வெளியே வந்துகொண்டிருந்தார். அவர் டேப்பைப் பார்த்துவிட்டார். நான் மூச்சு வாங்கிக்கொண்டு வாயைத் திறப்பதற்குள் “இது உங்க தட்டா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். அந்த அறையிலிருந்து போவதெல்லாம் என் தட்டுதான், இல்லை என்று எப்படிச் சொல்வேன்? அந்த ஆமாமையும் எழுதி வைத்திருக்கிறார்கள்.

பக்கத்தில் தள்ளுவண்டியில் ஒரு பெரியவர் படுத்திருந்தார். முந்தின நாளிலிருந்து பட்டினி. அவரைத் திரும்ப வார்டுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். போகும்போது என்னைப் பார்த்து “எல்லாம் முடிஞ்சிடுச்சாம்மா?” என்று கேட்டார். மறுநாள் அவருக்கு ஆபரேஷன் நல்லபடியாக நடந்தது. ஆனாலும் அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது. என் கை தவறிச் செய்திருந்தால் நானே வேலையை விட்டிருப்பேன்.

அட்டையை யார் எடுத்தது என்று நான் பார்க்கவில்லை. பார்க்காததைச் சொல்ல மாட்டேன். யார்மேல் எனக்குச் சந்தேகம் என்று உனக்குத் தெரியும், அவர்களுக்கும் தெரியும். ஆனால் நான் நின்ற இடத்திலிருந்து தெரிந்தது இவ்வளவுதான்.

எழுதி முடித்தபோது அத்தான் வாங்கிப் படித்தார். நாற்காலியிலிருந்து எழுந்து போய்ப் பாத்திரம் எல்லாவற்றையும் கழுவி வைத்தார். அவரிடமும் நான் இதுவரை முழுதாகச் சொன்னதில்லை.

அன்புடன்,
அக்கா

ஜூலை 22

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் சுகம். இந்தத் தடவை சும்மா எழுதவில்லை, நிஜமாகவே சுகம்.

தமிழிலேயே கொடுத்தேன். நடுவில் உட்கார்ந்திருந்த பெண் டாக்டர் வாய்விட்டு வாசித்தார், மற்ற இருவரும் கேட்டார்கள். பிறகு மிஷினுக்குள் ஓடுகிற காகிதச் சுருளை வரவழைத்தார்கள். அழுத்தம் எப்போது குறைந்தது என்று அதில் தானாகக் கோடு விழும். பதினொன்று நாற்பதில் விழுந்திருந்தது. தட்டுகள் மேலே போனபோது போட்ட கையெழுத்தையும் பார்த்தார்கள். பன்னிரண்டு பத்து, சூப்பர்வைசர் கையெழுத்து. அந்த நேரத்தில் நாங்கள் கேண்டீனில் இருந்தோம் என்று பொட்டலம் கட்டுகிறவள் வந்து சொன்னாள். சூப்பர்வைசர் காதைச் சொறிந்தார். தியேட்டரிலிருந்து அவசரப்படுத்தினார்கள், சிவப்பு அட்டை பழைய அட்டை என்று நினைத்துவிட்டேன் என்றார். அதுவும் அவருடைய பெர்ஸ்பெக்டிவ்தானே, கேட்டு எழுதிக்கொண்டார்கள். அவரை என்ன செய்வார்கள் என்று தெரியவில்லை, தெரிந்துகொள்ளவும் எனக்கு அவசரமில்லை.

பழைய தாளை ஃபைலிலிருந்து எடுத்துவிட்டார்கள். திங்கட்கிழமையிலிருந்து நான் மறுபடி என் அறைக்குப் போகிறேன். சந்தோஷத்தில் கால் தரையில் நிற்கவில்லை. வெளியே வந்து நடைபாதைச் சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதேன்.

எல்லாம் முடிந்து எழுந்திருக்கும்போது அந்த டாக்டர், “ஏம்மா, இவ்வளவு தெளிவா இருக்கு. இதை பிப்ரவரியிலயே ஏன் எழுதல?” என்று கேட்டார்.

“அப்ப என்னை யாரும் கேக்கலைங்க” என்றேன்.

“நாங்கதான் தாள் அனுப்பி கேட்டோமே?”

“தாள் வந்துச்சுங்க. ஆனா கேட்டது என் தம்பிதான், போன மாசம். அதான் சொல்லிட்டேன்.”

அன்புடன்,
அக்கா